கம்யூனிட்டி சோலார்: ‘சமுதாயம்’ என்பதா, ‘பங்கு’ என்பதா?

போன மாதம் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், எங்கள் சாட்ஸ்வொர்த் அடுக்குக் குடியிருப்பில் வீட்டுக்காரர்கள் கூட்டம் நடந்தது. கூரையில் சோலார் போடலாமா என்பதுதான் பேச்சு. யாரோ கொண்டுவந்த துண்டுத்தாளில் ‘கம்யூனிட்டி சோலார்’ என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த ஆயா ஒருவர் என் பக்கம் திரும்பி, “கம்யூனிட்டின்னா எந்தக் கம்யூனிட்டிப்பா? நம்ம ஆளுங்களுக்கு மட்டுமா?” என்று கேட்டார்.

அவர் பிறந்தது டர்பன் நகரின் மகசின் பராக்சில். நகராட்சியில் வேலை செய்த தமிழரும் தெலுங்கரும் நெருக்கியடித்து வாழ்ந்த இடம். 1950ஆம் ஆண்டின் குழுப் பகுதிச் சட்டத்தைக் காட்டி, 1960களில் அங்கிருந்த குடும்பங்களைக் கிளப்பிச் சாட்ஸ்வொர்த்துக்கு அனுப்பினார்கள். இன்ன இனத்தான் இன்ன இடத்தில்தான் குடியிருக்கலாம் என்று ஊரைக் கூறுபோட்ட காலத்தில் வளர்ந்தவர் காதில் ‘கம்யூனிட்டி’ வேறு எப்படி விழும்? சனிக்கிழமை தமிழ் வகுப்பு எடுப்பவன் என்பதால் என்னிடம் கேட்டார். அன்று எனக்குச் சரியான பதில் வரவில்லை.

முதலில் பொருள் என்ன என்று பார்ப்போம். ஊருக்கு வெளியே ஒரு வெளியிலோ பெரிய கட்டடத்தின் கூரையிலோ சோலார் தகடுகளை வரிசையாகப் போடுகிறார்கள். அதில் நூறு குடும்பம், இருநூறு குடும்பம் ஆளுக்கொரு பங்கு எடுத்துக்கொள்கிறது. அங்கே விளையும் மின்சாரம் உங்கள் வீட்டுக்குத் தனிக்கம்பியில் வருவதில்லை. பொது மின்கம்பியில் கலந்துவிடுகிறது. எவ்வளவு கலந்தது என்று மீட்டர் சொல்லும். உங்கள் பங்குக்கு உரியதை மின்வாரியம் உங்கள் பில்லில் வரவு வைக்கும். நூறு ராண்ட் வரவு விழுந்தால், பங்குக்காக நீங்கள் தொண்ணூறு கட்டுகிறீர்கள் என்று வையுங்கள். மிச்சம் பத்து உங்களுக்கு. சொந்தக் கூரை வேண்டாம், முதலும் பெரிதாக வேண்டாம்.

இந்தப் பெயர் ஊன்றியது அமெரிக்காவில். வாஷிங்டன் மாநிலத்தின் எலன்ஸ்பர்க் என்ற சிற்றூரில் 2006இல் இப்படி ஒன்றைத் தொடங்கினார்கள். 2010இல் கொலராடோ மாநிலம் இதற்கென்றே சட்டம் போட்டது. அந்தச் சட்டம் இதைச் ‘சமுதாயச் சூரியத் தோட்டம்’ என்ற பொருள்படும் பெயரால் அழைக்கிறது. தோட்டம் என்ற அந்தச் சொல் எனக்கு மிகவும் பிடித்தது. ஒரே வெளியில் ஆளுக்கொரு பாத்தி. கூலி ஒப்பந்தம் முடிந்ததும் டர்பனைச் சுற்றிக் குத்தகை நிலத்தில் காய்கறி போட்டுப் பிழைத்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு அதை விளக்கவே தேவையில்லை.

சரி, சொல்லுக்கு வருவோம். ‘சோலார்’ லத்தீன் மொழியின் ‘சோல்’ என்பதிலிருந்து வந்தது. சோல் என்றால் சூரியன். வடமொழியின் ‘சூர்ய’வும் அந்தச் ‘சோல்’லும் ஒரே பழைய வேரில் கிளைத்த சொற்கள் என்று மொழியியலார் காட்டியிருக்கிறார்கள். ஆகவே ‘சூரிய மின்சாரம்’ என்பது அந்தச் சொல்லை அதன் தூரத்து உறவுக்காரரின் வீட்டுக்கே அழைத்துவருவது மாதிரி. ஞாயிறு, கதிரவன் என்ற நல்ல தமிழ்ச் சொற்கள் இருந்தாலும், ‘ஞாயிற்று மின்சாரம்’ என்று என் வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமை வரும் மின்சாரம் என்றுதான் நினைப்பார்கள். சூரியன் இருக்கட்டும். (இங்கே தகடு வடக்கே பார்க்க வேண்டும். தமிழ்நாட்டு உறவினர்கள் அனுப்பும் படங்களைப் பார்த்துத் தெற்கே திருப்பிவிடாதீர்கள்.)

சிக்கல் ‘கம்யூனிட்டி’யில்தான். லத்தீனில் ‘கம்’ என்றால் கூட. ‘முனுஸ்’ என்றால் கடமை, ஊழியம், கொடை. கடமையைக் கூடிச் சுமப்பவர்கள் என்பதே அடியில் கிடக்கும் பொருள். பிறகு அது ஊர்மக்கள் என்று விரிந்தது. எங்கள் நாட்டில் இனப்பெயராகச் சுருங்கியது. தமிழில் வழக்கமாக எழுதப்படும் ‘சமூகம்’, ‘சமுதாயம்’ இரண்டும் வடமொழி வழிவந்தவை. ‘குமுகம்’ தனித்தமிழ் அன்பர்கள் ஆக்கியது. தமிழ்நாட்டில் ‘எங்கள் சமுதாயம்’ என்று ஒருவர் பேசத் தொடங்கினால் அது பெரும்பாலும் சாதியைத்தான் குறிக்கும். இங்கே நிறம், அங்கே சாதி. சமுதாயச் சூரிய மின்சாரம் என்று எழுதினால் ஆயாவின் கேள்வி அப்படியே நிற்கும்.

ஆனால் ‘சமுதாயம்’ முன்னே வேறு வேலை பார்த்த சொல். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்து மதராஸ் நிலவரி ஆவணங்களில் ‘சமுதாயம்’ என்பது ஒரு நில உரிமை முறை. ஊர்நிலம் மொத்தமும் பொதுவில் இருக்கும். உரிமைக்காரர்கள் அதைப் பங்காக வைத்திருப்பார்கள். விளைச்சல் பங்குப்படி பிரியும். நிலத்தைப் பிரிக்காமல் விளைச்சலைப் பிரிப்பது! கொலராடோ சட்டம் செய்வதும் ஏறக்குறைய அதேதான். இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்தப் பங்கு எல்லோருக்கும் இல்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பங்கு மிராசுதாரர்களுக்கு. வயலில் இறங்கி உழைத்தவர்களுக்குக் கூலி மட்டும்தான். 1860 நவம்பர் 16 அன்று ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிய ‘ட்ரூரோ’ கப்பல் மதராசிலிருந்து டர்பனுக்கு வந்து சேர்ந்தது. அதிலும் அதற்குப் பின்னும் வந்தவர்களில் எத்தனையோ பேர் ஊரில் பங்கில்லாத வீட்டுப் பிள்ளைகள்.

அதனால்தான் ‘பங்கு’ என்ற சொல்லையே முன்னால் வைக்க விரும்புகிறேன்: பங்குச் சூரிய மின்சாரம். ‘கூட்டு’ என்றும் சொல்லலாம், தவறில்லை. ஆனால் கூட்டு என்பதில் யாருக்கு எவ்வளவு என்பது தெரியாது. பங்கில் அளவு இருக்கிறது, உரிமை இருக்கிறது, கணக்குக் கேட்கும் வாய் இருக்கிறது. எங்கள் ஊரில் ஸ்டோக்வெல் என்று சீட்டுப் போடும் வழக்கம் உண்டு. அதில் சேர்ந்தவர்களிடம் பங்கு என்றால் அப்புறம் விளக்கமே வேண்டாம்.

இதோடு ஒட்டிவரும் சொற்களிலும் கவனம் வேண்டும். டிஸ்கவுன்ட் என்பதைச் ‘சலுகை’ என்றால் யாரோ இரக்கப்பட்டுக் கொடுப்பது போலாகிறது. ‘தள்ளுபடி’ துணிக்கடைக்கும் கடனுக்கும் வழக்குக்கும் போய்விட்டது. பில்லில் குறைவதை நம் பழைய கணக்குப்பிள்ளைகளின் சொல்லால் ‘வரவு’ என்றே சொல்லலாம். எடுத்த மின்சாரம் பற்று, கொடுத்தது வரவு. எடுத்ததையும் கொடுத்ததையும் கழித்துப் பார்க்கும் நெட் மீட்டரிங்குக்கு ‘நிகர அளவீடு’ என்று எழுதுகிறார்கள். ‘பற்று வரவு மீட்டர்’ என்றால் என் பெரியம்மாவுக்கும் புரிகிறது.

‘வரிக்கழிவு’ வேறு, இந்த வரவு வேறு. தென்னாப்பிரிக்க அரசு 2023 மார்ச் 1 முதல் 2024 பிப்ரவரி 29 வரை புதுத் தகடு வாங்கியவர்களுக்கு அதன் விலையில் 25 சதவீதத்தை, அதிகபட்சம் 15,000 ராண்டை, வருமான வரியில் கழித்தது. தகட்டுக்கு மட்டும், இன்வெர்ட்டருக்கும் பேட்டரிக்கும் கிடையாது. வருமான வரியே கட்டாத ஓய்வூதியக்கார ஆயாவுக்கு இதில் என்ன கழியும்? பங்கு மின்சாரத்தின் வரவு அவருடைய பில்லிலும் விழும். இந்த இரண்டையும் ஒரே ‘சலுகை’ என்று சொல்லிக் குழப்புவது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

இன்னொன்று ‘வீலிங்’. ஓரிடத்தில் உண்டாக்கிய மின்சாரத்தை மின்வாரியத்தின் கம்பி வழியே வேறோரிடத்தில் இருக்கும் வாடிக்கையாளரிடம் சேர்ப்பது. கம்பிக்குக் கட்டணம் உண்டு. துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்களுக்குக் கொடுத்த ‘சுமைகூலி’ என்ற சொல்லை அந்தக் கட்டணத்துக்கு வைக்கலாம்.

எங்கள் குடியிருப்பின் கூரை பொதுச்சொத்து. இந்த நாட்டில் அடுக்குமாடி வீட்டுக்காரர் ஒவ்வொருவருக்கும் பொதுச்சொத்தில் இவ்வளவு பங்கு என்று 1986ஆம் ஆண்டின் சட்டப்படி ஒரு கணக்கு உண்டு. யாரும் தன் இஷ்டத்துக்குக் கூரையில் தகடு மாட்ட முடியாது. கூட்டத்தின் தீர்மானம் வேண்டும். போன வாரம் ஆயாவைப் பார்த்து இதையெல்லாம் சொன்னேன். பங்கு என்றதும் தலையாட்டினார். அப்புறம் கேட்டார்: “மூணாவது மாடியில வாடகைக்கு இருக்குதே அந்தப் பொண்ணு, அதுக்கும் பங்கு உண்டா?”

கொலராடோவில் என்றால் உண்டு. திட்டத்தில் உள்ள மின்நிறுவனத்துக்குக் கட்டணம் கட்டுகிறவர் அங்கே பங்கு எடுக்கலாம், வாடகைக்காரரும்கூட. எங்கள் கூரையில் பங்கு வீட்டுக்காரர் பெயரில்தான் இருக்கிறது. அந்தக் கேள்வியை அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சிநிரலில் எழுதிக் கொடுத்திருக்கிறேன், ‘பங்கு’ என்ற சொல்லைத் தமிழிலேயே போட்டு.