கண்ணாடித் தொட்டிக்கு மறுகால் கிடையாது

சித்திரை பிறந்தால் எங்கள் ஊர்க் கண்மாயில் தண்ணீர் ஒரு மூலைக்கு ஒதுங்கிவிடும். நிறம் பச்சையாகித் தடித்துப்போகும். விடியற்காலையில் போய்ப் பார்த்தால் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருக்கும். ஐப்பசியில் நாலு நல்ல மழை விழுந்து கண்மாய் நிறைந்து மறுகால் வழியாக வழிந்தால் போதும், பழைய தண்ணீரில் ஒரு பங்கு வெளியே போய்ப் புதுத் தண்ணீர் கலந்து எல்லாம் தெளிந்துவிடும்.

வீட்டில் வளவு ஓரமாக நான் வைத்திருக்கும் மீன்தொட்டியும் ஒரு குட்டிக் கண்மாய்தான். ஆனால் அதற்குக் கோடை மட்டும் உண்டு, மறுகால் கிடையாது. அந்த வேலையை ஒரு ரப்பர் குழாயும் வாளியும் வைத்துக்கொண்டு நாம்தான் செய்ய வேண்டும்.

எவ்வளவு, எத்தனை நாளைக்கு ஒருமுறை? கடைக்குக் கடை ஒரு பதில் சொல்வார்கள். முதன்முதலாகத் தங்கமீன் வாங்கியபோது எனக்குக் கிடைத்த பதில், "மாசம் ஒருக்கா முழுசாக் கழுவி விட்ருங்க". அப்படியே செய்தேன். மீன்களைப் பேசினில் விட்டு, கல்லையெல்லாம் தேய்த்துக் கழுவி, பில்டர் ஸ்பான்ஜைக் குழாயடியில் வெள்ளையாகும் வரை பிழிந்தேன். தொட்டி பளபளவென்று இருந்தது. மூன்றாம் நாள் ஒரு மீன் செத்தது, ஐந்தாம் நாளுக்குள் இன்னும் இரண்டு.

அந்த ஸ்பான்ஜில் இருந்தது வெறும் அழுக்கில்லை என்பது அப்புறம்தான் புரிந்தது. மீன் தின்னும் புரதத்தில் மிஞ்சும் நைட்ரஜன், பெரும்பாலும் செவுள் வழியாக அம்மோனியாவாக வெளியேறுகிறது. அடியில் அழுகும் தீவனமும் அதையே தருகிறது. அம்மோனியா மீனுக்கு நஞ்சு. நைட்ரோசோமோனாஸ் போன்ற பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாக மாற்றும். நைட்ரைட்டும் நஞ்சுதான், ரத்தத்தில் ஏறி ஆக்சிஜனைச் சுமக்க விடாது. நைட்ரோஸ்பைரா வகை பாக்டீரியாக்கள் அதையும் நைட்ரேட்டாக்கும். நைட்ரேட் ஓரளவு சாது. இந்தப் பாக்டீரியாக்கள் தண்ணீரில் மிதப்பதைவிட ஸ்பான்ஜிலும் கல்லிலும்தான் ஒட்டி வாழ்கின்றன. புதுத் தொட்டியில் அவை குடியேறிப் பெருக 4 முதல் 6 வாரம் ஆகும். ஆறு வாரக் குடியிருப்பை நான் பத்து நிமிடத்தில் சாக்கடைக்கு அனுப்பியிருந்தேன். இப்போதெல்லாம் தொட்டியிலிருந்து எடுத்த பழைய தண்ணீரிலேயே ஸ்பான்ஜை இரண்டு அலசு அலசுவதோடு சரி.

நைட்ரேட்டோடு பாக்டீரியாக்களின் வேலை முடிந்துவிடுகிறது. செடிகள் நிறைந்த தொட்டியாக இருந்தால் கொஞ்சம் உறிஞ்சும். மற்றபடி அது சேர்ந்துகொண்டே போகும். சாது என்றாலும் அளவு மிஞ்சினால் மீனை நோஞ்சானாக்கிவிடும். நன்னீர் மீன் வளர்ப்பவர்கள் லிட்டருக்கு 40 மில்லிகிராமுக்குள் வைக்கப் பார்ப்பார்கள், முடிந்தால் 20.

எவ்வளவு மாற்றுவது என்பதற்கான கணக்கு இதில்தான் இருக்கிறது. உங்கள் தொட்டியில் வாரத்துக்கு, லிட்டருக்கு 10 மில்லிகிராம் நைட்ரேட் ஏறுகிறது என்று வைத்துக்கொள்வோம். வாரம் கால் பங்கு தண்ணீரை மாற்றினால், அது ஏறி ஏறி 40இல் போய் நின்றுவிடும். 40இல் கால் பங்கு போனால் 30, அடுத்த வாரத்துக்குள் மறுபடி 40. வாரம் பாதியை மாற்றினால் 20இல் நிற்கும். பத்தில் ஒரு பங்கு மட்டும் மாற்றினால் 100 வரை போகும். ஏறும் அளவை மாற்றும் பங்கால் வகுத்தால் உச்சம் கிடைத்துவிடும், அவ்வளவுதான். புதுத் தண்ணீரிலேயே நைட்ரேட் இருந்தால் அதையும் கூட்டிக்கொள்ள வேண்டும். சில போர் கிணறுகளில் அது கணிசமாகவே இருக்கும். நம் நாட்டுக் குடிநீர்த் தரமே 45 மில்லிகிராம் வரை அனுமதிக்கிறது. ஆகவே தொட்டியைச் சோதிப்பதற்கு முன்னால் குழாயைச் சோதியுங்கள்.

இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரமுள்ள தொட்டி கணக்குப்படி 56 லிட்டர். கல்லும் மேல் இடைவெளியும் போக 45 லிட்டர் நிற்கும். 15 லிட்டர் வாளியால் ஒரு வாளி என்பது அதில் மூன்றில் ஒரு பங்கு. அளவாகத் தீவனம் போட்டு வளர்க்கும் கப்பி மீன்களுக்கு வாரம் ஒரு வாளி போதும். தங்கமீனாக இருந்தால், அது தின்று கழிக்கும் வேகத்துக்கு இரண்டு வாளி பத்துமா என்பதே சந்தேகம்.

இனி நம் ஊர்க் கோடைக்கு வருவோம். மேலே மின்விசிறி ஓடும் திறந்த தொட்டியில் பங்குனி, சித்திரை மாதங்களில் தினம் ஒரு லிட்டர் ஆவியாகலாம். நாமும் தினம் ஒரு செம்பு ஊற்றி நிரப்பிவிட்டு, "அதான் புதுத்தண்ணி ஊத்துறேனே" என்போம். ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும். உப்பு, நைட்ரேட் எல்லாம் தொட்டியிலேயே நிற்கும். போர் தண்ணீரின் டிடிஎஸ், அதாவது ஒரு லிட்டரில் கரைந்திருக்கும் உப்புகளின் மில்லிகிராம் அளவு, 800 என்றால், வாரம் 7 லிட்டர் ஊற்றுவதில் 5,600 மில்லிகிராம் உப்பு உள்ளே போகிறது. 45 லிட்டரில் அது வாரத்துக்கு 124 கூட்டும். இரண்டே மாதத்தில் 800 என்பது 1,800ஐத் தொட்டுவிடும். கண்ணாடியின் மேல் விளிம்பில், தண்ணீர் இறங்கிய இடத்தில், நகத்தால் சுரண்டினால் உதிரும் வெள்ளைக் கோடு ஒன்று இருக்குமே, அதுதான் இந்தக் கணக்கின் ரசீது. எடுத்துவிட்டு ஊற்றினால்தான் அது தண்ணீர் மாற்றம்.

மழைத்தண்ணீரில் உப்பே இல்லையே என்று எனக்கு ஒரு யோசனை வந்தது. செட்டிநாட்டு வீட்டில் மழையைப் பிடிப்பது புதிதில்லை. முற்றத்தில் கூரைத் தண்ணீர் கொட்டும் இடத்தில் அண்டாவை வைத்தால் ஆயிற்று. சீர் சாமானில் வந்த செப்பு அண்டா சும்மாதான் கிடந்தது. ஒரு கார்த்திகை மழையில் நிறையப் பிடித்து, இரண்டு நாள் கழித்துத் தொட்டியில் ஊற்றினேன். இறால்கள் மறுநாளே போய்விட்டன. நத்தைகள் ஓட்டுக்குள் சுருண்டுகொண்டன. மழைநீர் லேசான அமிலத்தன்மை உள்ளது, செம்பைக் கரைக்கும். நமக்குக் கெடுதலில்லாத அளவே இறாலைக் கொன்றுவிடும். கடினத்தன்மை குறைந்த நீரில் செம்பின் நஞ்சு இன்னும் கடுமை. இப்போது முதல் மழையை விட்டுவிட்டு, பிளாஸ்டிக் டிரம்மில் பிடிக்கிறேன். கோடையில் ஆவியானதை ஈடுகட்ட அதைப் போன்ற தண்ணீர் வேறில்லை.

எதிர்வீட்டு அண்ணன் வேறு வழி பிடித்தார்: கேன் தண்ணீர் மட்டும். ஆறு மாதம் ஊற்றிக்கொண்டே இருந்தார், மாற்றவே இல்லை, மீன்களும் இருந்தன. விருந்தாளி வருகிறார்கள் என்று ஒருநாள் பாதியை எடுத்துப் போர் தண்ணீர் விட்டார். சாயங்காலத்துக்குள் எல்லாம் மிதந்தன. "பழைய தண்ணிதான் மீனுக்கு ஒத்துக்குது தம்பி" என்றார்.

நடந்தது இப்படித்தான் இருக்கும். அம்மோனியாவை மாற்றும் பாக்டீரியாக்கள் தண்ணீரிலுள்ள கார்பனேட்டைச் செலவழிக்கும். கேன் தண்ணீரில் அது இல்லாததுபோலத்தான். அது தீர்ந்ததும் தண்ணீர் அமிலமாகி அதன் பிஎச் 6 பக்கம் சரியும், பாக்டீரியாக்கள் சோர்ந்துபோகும், அம்மோனியா குவியும். ஆனால் அமிலத் தண்ணீரில் அது அம்மோனியம் என்ற சாதுவான வடிவில் இருக்கும். கார்பனேட் நிறைந்த போர் தண்ணீர் உள்ளே வந்ததும் பிஎச் எகிறுகிறது. பிஎச் ஒரு படி ஏறினால் நஞ்சான பங்கு சுமார் 10 மடங்கு, இரண்டு படி ஏறினால் கிட்டத்தட்ட 100 மடங்கு. பாதித் தண்ணீரை எடுத்துக் கொட்டியதில் அம்மோனியா பாதியாகியிருந்தாலும், இந்த ஏற்றத்துக்கு முன் அது எந்த மூலைக்கு? நெடுநாள் மாற்றாத தொட்டியை ஒருநாள் விட்டு ஒருநாள், ஐந்து லிட்டருக்கும் குறைவாக எடுத்து எடுத்துத்தான் மீட்க வேண்டும்.

என்னைக் கேட்டால், தண்ணீரோடு மல்லுக்கட்டுவதைவிட அதற்கேற்ற மீனை வாங்குவது புத்திசாலித்தனம். நம் போர் தண்ணீரில் கப்பியும் மோலியும் சந்தோஷமாகக் குட்டி போடும். உப்புக் குறைந்த தண்ணீர் கேட்கும் நியான் டெட்ராவுக்கு ஆசைப்பட்டால் மழைத்தண்ணீர் டிரம்மும் டிடிஎஸ் மீட்டரும் கூடவே வரும்.

மாற்றும் நேரமும் முக்கியம். சித்திரை வெயிலில் மாடித் தொட்டித் தண்ணீரை மத்தியானம் பிடித்தால் கையே சுடும். சூடான நீரில் ஆக்சிஜனும் குறைவு: 20 டிகிரியில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் கரையும், 30 டிகிரியில் ஏழரைதான். நான் சனிக்கிழமை ராத்திரியே வாளியில் பிடித்து ஏர் பம்ப்பை விட்டுவைக்கிறேன். நகராட்சித் தண்ணீராக இருந்தால் குளோரினும் அதற்குள் பெரும்பாலும் போய்விடும். அவசரத்துக்கு மட்டும் கடைச் சொட்டு மருந்து. ஞாயிறு காலை கல்லுக்குள் குழாயை விட்டு அழுக்கோடு உறிஞ்சி ஒரு வாளி எடுப்பேன். ஆத்தங்குடிக் கல் பாவிய தரையில் சிந்தினால் வழுக்கும் என்பதால் அடியில் ஒரு பழைய சாக்கு.

எடுத்த தண்ணீருக்கு எங்கள் அப்பத்தா காத்திருப்பார். நைட்ரேட் செடிக்கு உரமல்லவா, கொல்லைக் கறிவேப்பிலை அதில்தான் தழைக்கிறது. கோடையில் மீட்டர் 1,500ஐத் தாண்டிய வாரங்களில் மட்டும் வாளியைத் தர மாட்டேன். அந்த உப்பு வேருக்கும் ஆகாது. "இந்த வாரம் தண்ணி கெட்டுப்போச்சாக்கும்" என்று அப்பத்தா வெறும் கையோடு திரும்பினால், அடுத்த வாரம் இரண்டு வாளி எடுக்க வேண்டும் என்று எனக்குத் தெரிந்துவிடும்.