ஆட்-இன்: துணைநிரல்

எக்ஸலில் சால்வர் என்று, வேண்டிய விடைக்கேற்ற எண்களைத் தேடித் தரும் கருவி ஒன்று உண்டு. எக்ஸலோடு சேர்ந்தே வந்துவிடும்; ஆனால் ஆட்-இன்ஸ் பெட்டியில் அதற்கு நேரே டிக் போடும்வரை கண்ணில் படாது. இப்படித் தனியாக ஓட முடியாமல், இன்னொரு மென்பொருளுக்குள் ஏறிக்கொண்டு அதற்கு இல்லாத திறமையைத் தரும் நிரல்தான் ஆட்-இன்.

'ஆட்' என்றால் சேர், 'இன்' என்றால் உள்ளே. 1980-களில் கணினிப் பெட்டியைத் திறந்து உள்ளே பொருத்திய நினைவக அட்டைகளுக்கும் இதே பெயர்தான். அந்த அட்டைகளை வாங்க வைத்ததில் லோட்டஸ் 1-2-3 என்ற அந்தக் கால அட்டவணை மென்பொருளுக்குப் பெரிய பங்கு உண்டு. அட்டவணை பெருத்தால் அன்றைய கணினியின் வழக்கமான 640 கேபி நினைவகம் போதவில்லை. 1985-ல் லோட்டஸ், இன்டெல், மைக்ரோசாஃப்ட் மூன்றும் சேர்ந்து கூடுதல் நினைவகத்துக்கு ஒரு பொது விதியே வகுத்தன.

அதே லோட்டஸின் 2.2 பதிப்பில் (1989) ஆட்-இன் மெனுவிலேயே இடம்பிடித்திருந்தது. சாய்கோட்டு (/) விசையைத் தட்டினால் மெனு வரும். அதில் ஆட்-இன், பிறகு அட்டாச். அச்சை அழகாக்கும் ஆல்வேஸ் போன்ற ஒன்றைத் தேர்ந்தெடுத்ததும், எந்த விசையில் கூப்பிடுவாய் என்று கேட்கும்: 7, 8, 9, 10. பத்தைச் சொன்னால் அதற்குப் பிறகு ஆல்ட்+எஃப்10 அடித்தாலே ஆல்வேஸ் வந்து நிற்கும்.

பழைய விசைப்பலகை தெரியாதவர்களுக்கு இதன் சுகம் புரியாது. 1981-ல் ஐபிஎம் பிசியோடு வந்த 83 விசைப் பலகையில் எஃப் விசைகள் பத்துதான். அவையும் மேலே வரிசையாக இல்லை. இடது ஓரத்தில் இரண்டு பத்தியாக நின்றன. அடிவரிசையில் எஃப்9, எஃப்10, பக்கத்திலேயே ஆல்ட். இடது கையை நகர்த்தாமலே ஆட்-இன்னைக் கூப்பிடலாம். பின்னால் வந்த 101 விசைப் பலகை எஃப்11, எஃப்12 இரண்டையும் கூட்டி எல்லாவற்றையும் உச்சிக்கு ஏற்றிவிட்டது. எக்ஸலில் ஆட்-இன் எழுதுகிறவர், அதற்கான விபிஏ நிரல்மொழியின் எடிட்டரைத் திறக்க நாளெல்லாம் அடிப்பது ஆல்ட்+எஃப்11. பல மடிக்கணினிகளில் இதற்கு எஃப்என் விசையையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும். பழைய பலகைக்கு ஏங்குகிறவர்கள் எல்லோரும் அதன் 'கடக்' சத்தத்துக்காக மட்டும் ஏங்கவில்லை.

பத்து விசைக் காலத்தின் தடம் எக்ஸலில் இன்னும் இருக்கிறது. எஃப்12 அடித்தால் திறக்கும் 'சேவ் ஆஸ்' பெட்டி ஆல்ட்+எஃப்2-க்கும் திறக்கும். லோட்டஸின் சாய்கோடு இன்றும் மெனுவை எழுப்பும்.

எக்ஸலின் ஆட்-இன் கோப்புப் பெயரின் கடைசியில் முன்பு எக்ஸ்எல்ஏ என்றிருக்கும், 2007 முதல் எக்ஸ்எல்ஏஎம். உள்ளே இருப்பது சாதாரண ஒர்க்புக்தான். விபிஏ எடிட்டரில் 'திஸ்ஒர்க்புக்'கின் 'இஸ்ஆட்இன்' பண்பை ஃபால்ஸ் ஆக்கினால் மறைந்திருந்த தாள்கள் எல்லாம் வெளியே வரும். 2013-ல் மைக்ரோசாஃப்ட், ஜாவாஸ்கிரிப்டில் எழுதும் புதிய வகைக்கு 'ஆப்ஸ்' என்று பெயர் சூட்டிப் பார்த்தது. ஒட்டவில்லை; பிறகு ஆட்-இன் என்றே மாற்றிக்கொண்டது.

தமிழில்? செருகுநிரல் என்பது பிளக்-இன்னுக்கு நிலைத்துவிட்டது. நீட்சி, எக்ஸ்டென்ஷனுக்குப் போய்விட்டது. 'இணைப்பு' வேண்டவே வேண்டாம். மின்னஞ்சல் கோப்புக்கும் அதுதான், இணைய லிங்குக்கும் அதுதான். பிரௌசர் தமிழாக்கங்களில் ஆட்-ஆனுக்குப் புழங்கும் துணைநிரலையே நான் எடுத்துக்கொள்வேன். 'வந்துவிட்டான்' என்பதில் 'விடு' தனித்து நிற்காமல் முதல்வினையைப் பற்றிக்கொண்டு அதற்கு ஒரு முடிவைச் சேர்க்கிறது. அதைத் துணைவினை என்கிறோம். ஆட்-இன் செய்வதும் அதே வேலை. ஆட்-ஆன், ஆட்-இன் இரண்டுக்கும் ஒரே சொல்லா என்றால், மென்பொருளில் அந்த வேறுபாட்டை ஆங்கிலத்திலேயே யாரும் கறாராகப் பார்ப்பதில்லை.

ஆட்-இன்களைப் பட்டியலிடும் பெட்டியான ஆட்-இன் மேனேஜரைத் 'துணைநிரல் மேலாளர்' ஆக்க வேண்டியதில்லை. துணைநிரல் பட்டியல் போதும்; அந்தப் பெட்டியில் நடப்பது டிக் போடுவதும் எடுப்பதும்தான்.