ஏறிய சரிவில் இறங்குவது: ஃபோர் வீல் வாகனமும் மலைப்பாதையின் கணக்கும்

தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் இலங்கை மலைநாட்டின் மஸ்கெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் மேல்மலைக்கு வாகனம் ஓட்டிச் சென்றவர்களுக்கு, அங்குள்ள மண்பாதை சவர்க்காரம் பூசியதுபோல் வழுக்குவதைப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. அதே மாதங்களில் பதுளைப் பக்கத்துப் பாதைகள் காய்ந்து கிடக்க, அங்கே சில்லுக்கடியில் உருளும் சரளைக்கல் அதே வேலையைச் செய்கிறது. தோட்ட அம்புலன்சையும், கொழுந்து லொறியையும், அறுந்த மின்கம்பியைத் திருத்தப் போகும் வண்டியையும் ஓட்டும் சாரதிகளுக்கு இது அன்றாட வேலை. அவர்களுக்கான உயர்நிலைப் பயிற்சியில் பாதிக்கு மேற்பட்ட நேரம் இறக்கத்துக்கே செலவாக வேண்டும் என்பது என் கருத்து. அதற்கான காரணம் எளிய இயற்பியலில் இருக்கிறது.

ஃபோர் வீல் வாகனத்தில் நான்கு சில்லுகளுக்கும் எஞ்சினின் வலு போவதால் டயருக்கும் மண்ணுக்கும் இடையிலான பிடிமானம் கூடிவிடுவதில்லை. ஏற்கெனவே இருக்கும் பிடிமானம் முழுவதும் பயன்படுகிறது, அவ்வளவுதான். 2 தொன் எடையுள்ள வாகனமொன்று 15 பாகைச் சரிவில் நிற்பதாகவும், ஈரமண்ணில் உராய்வுக் குணகம் (சில்லு மண்ணை அழுத்தும் விசையில் எத்தனை பங்கு பிடிமானமாகிறது என்ற அளவு) 0.3 எனவும் வைத்துக்கொள்வோம். வாகனத்தைக் கீழே இழுக்கும் விசை ஏறத்தாழ 518 கிலோகிராம் எடைக்குச் சமம்; நான்கு டயர்களும் சேர்ந்து தரக்கூடிய பிடிமானம் ஏறத்தாழ 580. ஆகவே வாகனம் ஏறிவிடும், ஆனால் மிச்சம் வெறும் 62. பின்சில்லுகளுக்கு மட்டும் வலு போகும் வாகனத்துக்கு, ஏற்றத்தில் எடையின் ஒரு பகுதி பின்னோக்கி மாறுவதைச் சேர்த்தாலும், அந்த 580 இல் அறுபது வீதத்தளவே கிடைக்கும் என்பதால் அது பாதியிலேயே நின்று சில்லைச் சுழற்றிக் கொண்டிருக்கும்.

இப்போது அதே வாகனத்தை அதே சரிவில் இறக்குவோம். எந்த வாகனத்துக்கும் நான்கு சில்லுகளிலும் பிரேக் உண்டு. எனவே பிரேக்கைப் பொறுத்தவரை ஃபோர் வீல் வாகனத்துக்குச் சாதாரண வானை விட எந்த மேலதிக வரமும் கிடையாது. நிறுத்துவதற்கு மிஞ்சியிருப்பது அதே 62 தான். சமதரையில் இதே ஈரமண்ணில் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வாகனம் ஐந்து மீட்டருக்குச் சற்றுக் கூடுதலான தூரத்தில் நின்றுவிடும். இந்தச் சரிவில் அதற்கு 50 மீட்டர் தேவை, அதுவும் சாரதியின் கால் பிரேக்குக்குப் போகும் நேரத்தைக் கணக்கில் சேர்க்காமல். தேயிலை மலையில் இரண்டு வளைவுகளுக்கு இடையே 50 மீட்டர் நேர்ப்பாதை கிடைப்பது அபூர்வம். ஆனால் மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் இறங்கினால் மூன்று மீட்டர் போதும், ஏனெனில் நிற்கும் தூரம் வேகத்தின் வர்க்கத்தோடு கூடுகிறது.

அந்த வேகத்தைப் பிடித்துவைக்க உதவுவது லோ ரேஞ்ச், அதாவது எல்லாக் கியர்களையும் இன்னும் மெதுவாக்கும் மேலதிகப் பல்சக்கரத் தொகுதி. பல வாகனங்களில் இதன் பல்சக்கர விகிதம் 2.5 அளவில் இருக்கும். முதலாம் கியரோடும் அச்சிலுள்ள பல்சக்கரங்களோடும் சேரும்போது சில்லு ஒரு முறை சுற்ற எஞ்சின் ஏறத்தாழ 40 முறை சுற்ற வேண்டியிருக்கும். நிமிடத்துக்கு 800 சுற்றில் சும்மா ஓடும் எஞ்சின் அப்போது வாகனத்தை மணிக்கு 3 கிலோமீட்டருக்கும் குறைந்த வேகத்திலேயே, ஒருவர் நடப்பதை விட மெதுவாக, இறக்கும். (பழைய லாண்ட் ரோவரில் இதற்கென்று சிவப்புக் குமிழ் வைத்த தனிக்கம்பி உண்டு, அதை இறக்கத்தின் விளிம்புக்கு வருமுன்பே இழுத்துவிடுவது நல்ல பழக்கம். சரிவில் வைத்து மாற்றும்போது எஞ்சினுக்கும் சில்லுக்கும் தொடர்பே இல்லாத ஒரு கணம் வந்துவிடும்.) கிளச்சை மிதிப்பதும் அதே விளைவைத் தருவதால், இறக்கத்தில் அந்தக் காலைத் தரையிலேயே வைத்திருக்கச் சொல்லிக் கொடுக்கிறார்கள்.

பழக்கத்துக்கு முற்றிலும் மாறான பாடம் சறுக்கலில் வருகிறது. பிரேக்கை இறுக மிதித்துச் சில்லு பூட்டிக்கொண்டால், சுழலாத டயர் எந்தப் பக்கமும் திசை காட்டாது. ஸ்டியரிங்கை எவ்வளவு திருப்பினாலும் வாகனம் தான் போகும் வழியிலேயே போகும். அப்போது பிரேக்கை விட்டு, ஆக்ஸிலேட்டரை மெதுவாகத் தொட வேண்டும். சில்லின் வேகம் வாகனத்தின் வேகத்தை எட்டியதும் டயர் மீண்டும் உருண்டு, மண்ணைப் பிடிக்கத் தொடங்கும். கீழே பள்ளம் தெரியும்போது ஆக்ஸிலேட்டரை மிதிக்க எவருடைய காலும் இலேசில் இணங்காது. திரும்பத் திரும்பச் செய்து பார்த்தால்தான் கால் கேட்கும்.

ஏற்றத்துக்கும் சில நுணுக்கங்கள் உண்டு. வளைவில் இரு சில்லுகளும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் பல்சக்கர அமைப்பான சாதாரண டிஃபரன்ஷியல் ஓர் அச்சின் இரு சில்லுகளுக்கும் சமமான திருப்புவிசையையே கொடுப்பதால், ஒரு சில்லு காற்றில் தொங்கினால் மற்றதற்கும் ஒன்றும் கிடைக்காது. இரண்டையும் ஒன்றாகச் சுற்றவைக்கும் லொக் அந்த இடத்தில் வாகனத்தைக் காப்பாற்றும். ஆனால் பாதி ஏறி எஞ்சின் நின்றுபோனால் லொக்கால் பயனில்லை. பிரேக்கைப் பிடித்தபடி ரிவேர்ஸ் கியரில் போட்டு, வந்த தடத்திலேயே நேராகப் பின்னால் இறங்குவதுதான் வழி. வாகனத்தைக் குறுக்கே திருப்பக் கூடாது.

குறுக்கே நிற்கும் வாகனம் புரளுவது அதன் அகலத்தையும் எடை மையத்தின் உயரத்தையும் பொறுத்தது. சில்லுகளுக்கு இடையே 1.5 மீட்டரும் எடை மையம் 75 சென்டிமீட்டர் உயரத்திலும் இருந்தால், காகிதக் கணக்கில் அது 45 பாகை வரை தாங்கும். கூரையில் பாரம் ஏற்றி அந்த மையத்தை 90 சென்டிமீட்டருக்கு உயர்த்தினால் எல்லை 40 பாகைக்கு இறங்கிவிடும். ஸ்பிரிங் சாய்வதும், மேற்சில்லு ஒரு கல்லில் ஏறுவதும், கீழ்ச்சில்லு தண்ணீர் அறுத்த குழியில் இறங்குவதும் இன்னும் பல பாகைகளைத் தின்றுவிடும். அதனால்தான் மின்கம்பி திருத்தப் போகும் வண்டியின் கம்பிச் சுருளும் ஏணியும் கூரையிலிருந்து இறங்கி, வண்டியின் தட்டில் தாழ்வாகக் கட்டப்பட்ட பிறகே சாரதி மலைக்குக் கிளம்ப வேண்டும்.