பயோமார்க்கர்: உயிர்க்குறி என்று சொல்லலாமா?

ரத்தப் பரிசோதனை முடிவுத் தாள் ஒன்றை எடுத்துப் பாருங்கள். முதலில் சோதனையின் பெயர், அடுத்து ஓர் எண், அப்புறம் அலகு, கடைசியில் இயல்பு அளவு என்று இரண்டு எண்கள். நம் எண் அந்த இரண்டுக்கும் வெளியே விழுந்திருந்தால் பெரும்பாலும் தடித்த எழுத்தில் இருக்கும். தாள் கைக்கு வந்ததும் கண் நேரே அங்கேதான் போகும். அந்த எண் உடலில் எதை அளந்து வந்ததோ, அதைத்தான் மருத்துவ ஆராய்ச்சியில் பயோமார்க்கர் என்கிறார்கள்.

புற்றுநோய், இதயநோய், மறதிநோய் என்று எந்த ஆராய்ச்சிச் செய்தியைப் படித்தாலும் இப்போது இந்தச் சொல் வருகிறது. நோய் வருமா என்று முன்கூட்டிச் சொல்வது, வந்திருப்பதை உறுதி செய்வது, வந்தபின் கட்டுக்குள் வைப்பது என மூன்று வேலைக்கும் இந்த ஒரே சொல். எந்த வேலையைப் பற்றிய பேச்சு என்பது தெரியாமல் செய்தியைப் படித்தால் வீண் பயமோ வீண் நம்பிக்கையோதான் மிஞ்சும். அதனால்தான் இந்தச் சொல்லைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம் என்று தோன்றியது.

பொருளில் தொடங்குவோம். 1998-ல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்கள் இதற்காகவே ஒரு குழுவைக் கூட்டின. அந்தக் குழு வகுத்து 2001-ல் வெளியான வரையறைதான் இன்றும் அடித்தளம். பயோமார்க்கர் என்பது புறவயமாக அளக்கக்கூடிய ஒரு பண்பு. உடல் இயல்பாக இயங்குவதையோ, நோய் நடந்துகொண்டிருப்பதையோ, மருந்துக்கு உடல் எதிர்வினை காட்டுவதையோ அது சுட்ட வேண்டும். ரத்தத்தில் ஒரு புரதம், மரபணுவில் ஒரு மாற்றம், ஸ்கேனில் தெரியும் கட்டியின் அளவு, ரத்த அழுத்தம் எல்லாமே இதற்குள் வரும். நோயாளி எப்படி உணர்கிறார், எப்படி நடமாடுகிறார், எவ்வளவு காலம் வாழ்கிறார் என்பவை வராது. வலி பயோமார்க்கர் அல்ல, களைப்பும் அல்ல. இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

சொல்லின் முன்பாதி கிரேக்கம். பயாஸ் என்றால் வாழ்வு. பின்பாதி பழைய ஜெர்மானியச் சொல்லில் இருந்து வந்தது. மார்க் என்றால் முதலில் எல்லை, பிறகு எல்லையைக் காட்டும் அடையாளம். டென்மார்க் என்ற நாட்டுப் பெயரின் பின்பாதியும் அதே மார்க்தான். மருத்துவத்துக்கு வெளியிலும் இந்தச் சொல் உண்டு. பெட்ரோலியத்தை ஆராயும் வேதியியலாளர்கள் பாறையிலும் எண்ணெயிலும் எஞ்சியிருக்கும் பழைய உயிர்களின் மூலக்கூறுகளைப் பயோமார்க்கர் என்கிறார்கள். 1930களில் ஜெர்மன் வேதியியலாளர் ஆல்ஃபிரட் டிரைப்ஸ் கச்சா எண்ணெயில் பச்சையத்தின் மிச்சங்களைக் கண்டுபிடித்ததில் தொடங்கிய துறை அது. கையில் கிடைத்த சிறு தடயத்தை வைத்துக் கண்ணுக்குத் தெரியாத ஒன்றைச் சொல்வதுதான் அங்கேயும் வேலை.

பெயர் வருவதற்கு வெகு காலம் முன்பே பொருள் வந்துவிட்டது. 1845-ல் லண்டனில் ஒரு நோயாளியின் சிறுநீர், குழாயில் அடைக்கப்பட்டு ஹென்றி பென்ஸ் ஜோன்ஸ் என்ற மருத்துவரிடம் போய்ச் சேர்ந்தது. நோயாளிக்கு எலும்பெல்லாம் வலி. சிறுநீரைச் சூடாக்கினால் கலங்கியது. சாதாரணப் புரதமாக இருந்தால் கொதிக்கக் கொதிக்கக் கலங்கலாகவே இருக்கும். இதுவோ கொதிநிலையை நெருங்கியதும் தெளிந்துவிட்டது, ஆறவிட்டபோது மறுபடி கலங்கியது. அந்த விசித்திரப் புரதம் மல்டிபிள் மைலோமா என்ற எலும்பு மஜ்ஜைப் புற்றுநோயோடு சேர்ந்தது என்பது பின்னால் தெரிந்தது. அது, கிருமிகளை எதிர்க்க உடல் உருவாக்கும் எதிர்ப்புரதத்தின் ஒரு துண்டு என்பது நிறுவப்பட 1962 ஆகிவிட்டது. புற்றுநோய்க்கு ஆய்வகத்தில் கிடைத்த முதல் பயோமார்க்கர் என்று இதைத்தான் சொல்கிறார்கள். அது இன்னதென்று புரிவதற்கு நூறாண்டுக்கு மேல் முன்பே அதைப் பயன்படுத்தத் தொடங்கிவிட்டார்கள் என்பதைக் கவனியுங்கள். காரணம் விளங்காமலேயே ஒன்று நல்ல அடையாளமாக இருக்க முடியும்.

சரி, தமிழில் என்ன சொல்வது? உயிரியல் குறிப்பான், உயிர்க்குறியீடு, உயிர்ச்சுட்டி, நோய்ச்சுட்டி என்று பலவும் கண்ணில் படுகின்றன. குறிப்பான் இலக்கணப்படி தவறில்லை. அழிப்பான், தெளிப்பான் போல அமைந்த சொல். ஆனால் அவன் நாளை குறிப்பான் என்ற வினையும் அதே வடிவம்தான், ஒவ்வொரு முறையும் கண் ஒரு நொடி தடுமாறுகிறது. குறியீடு என்றால் மனிதர்கள் கூடி ஒத்துக்கொண்ட அடையாளம்: கணிதக் குறியீடு, அஞ்சல் குறியீடு. ரத்தத்தில் ஒரு புரதம் ஏறுவது யாரும் ஒத்துக்கொண்டு ஏற்படுத்தியதல்ல. சுட்டி என்றால் முதலில் நினைவுக்கு வருவது குறும்புக்காரக் குழந்தை, அடுத்து கணினியின் மவுஸ். நோய்ச்சுட்டியில் இன்னொரு குறையும் இருக்கிறது: நோயே இல்லாத உடலின் இயல்பு நிலையைக் காட்டுவதும் பயோமார்க்கர்தான்.

எனக்கு உயிர்க்குறிதான் பிடித்திருக்கிறது. சின்னச் சொல் என்பதற்காக மட்டும் அல்ல. குறி என்ற சொல் தமிழில் எத்தனை வேலை பார்த்திருக்கிறது என்று தேடப்போனதுதான் என்னை இந்தப் பக்கம் இழுத்தது.

அறிகுறி நமக்குத் தினசரிப் புழக்கம். அறிந்த குறி, அறிகின்ற குறி, அறியும் குறி என்று முக்காலத்துக்கும் விரியும் வினைத்தொகை அது. சித்த மருத்துவத்தில் சிறுநீரைப் பார்ப்பதற்கு நீர்க்குறி என்று பெயர். அதன்மேல் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு அது பாம்பு போல நீள்கிறதா, மோதிரம் போல வளைகிறதா, முத்துப் போல நிற்கிறதா என்று பார்ப்பது நெய்க்குறி. அந்தச் சோதனையும் இன்றைய ஆய்வகச் சோதனையும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. உடலில் இருந்து எடுத்த ஒன்றைப் பார்த்து உள்ளே நடப்பதைச் சொல்வதற்குக் குறி என்ற சொல் தமிழ் மருத்துவத்தில் முன்பே பழகியிருக்கிறது, அவ்வளவுதான். பழந்தமிழில் குறியெதிர்ப்பை என்றொரு சொல் உண்டு: அளவு குறித்து வாங்கி, அதே அளவு திருப்பித் தருவது. ஆக, குறிக்குள் அளவும் ஒளிந்திருக்கிறது. அளக்க முடியாதது பயோமார்க்கர் ஆகாது என்ற விதிக்கு இதைவிடப் பொருத்தமான சொல் எங்கே கிடைக்கும்?

இன்னும் இரண்டு பொருள்கள் இருக்கின்றன, அவைதான் முக்கியம். குறி சொல்வது என்றால் வரப்போவதைச் சொல்வது. குறி பார்ப்பது என்றால் இலக்கைப் பார்த்து எய்வது. அடையாளம், வருவதுரைத்தல், இலக்கு என்று மூன்றும் ஒரே சொல்லில் அடங்குகின்றன. நோயை உறுதி செய்வது, முன்கூட்டிச் சொல்வது, கட்டுக்குள் வைப்பது என்று மேலே சொன்ன மூன்று வேலையும் அப்படியே இவைதான்.

நீரிழிவுக்குப் பார்க்கும் எச்பிஏ1சி சோதனையை எடுத்துக்கொள்வோம். மூணு மாச சர்க்கரை என்று எல்லோரும் சொல்கிறோமே, அதுதான். ரத்தத்தில் ஓடும் குளுக்கோஸ், சிவப்பணுவுக்குள் இருக்கும் ஹீமோகுளோபினில் மெல்ல ஒட்டிக்கொள்கிறது. சர்க்கரை அதிகமானால் ஒட்டுவதும் அதிகம். சிவப்பணு சுமார் 120 நாள் வாழும் என்பதால், ஒட்டியிருப்பதை அளந்தால் கடந்த இரண்டு மூன்று மாதங்களின் சராசரி தெரிந்துவிடும். 1968-ல் ஈரானிய மருத்துவர் சாமுவேல் ரஹ்பர் நீரிழிவுக்காரர்களின் ஹீமோகுளோபினில் வித்தியாசத்தைக் கவனித்து எழுதியதில் இருந்து இந்தக் கதை தொடங்குகிறது.

அமெரிக்க நீரிழிவுச் சங்கத்தின் கணக்கில் இந்த எண் 5.7 முதல் 6.4 சதவீதத்துக்குள் இருந்தால் பின்னால் நீரிழிவு வரும் வாய்ப்பு அதிகம். இங்கே அது வருவதுரைக்கும் குறி. 6.5 ஆனால் நீரிழிவு. இதை அந்தச் சங்கம் 2010-லும் உலக சுகாதார அமைப்பு 2011-லும் ஏற்றன. கண்ணின் விழித்திரை பாதிக்கப்படுவது ஏறத்தாழ அந்த அளவில்தான் ஏறத் தொடங்குகிறது என்பதால் அங்கே கோடு போட்டார்கள். மார்க் என்றால் எல்லை என்று பார்த்தோம் இல்லையா, எல்லைக்கல் நட்ட இடம் இது. நீரிழிவு வந்தபின் அதே எண் இலக்காகிவிடுகிறது. பெரும்பாலான பெரியவர்களுக்கு 7-க்குக் கீழே வையுங்கள் என்கிறார்கள்.

அப்படியென்றால் இன்னும் கீழே இறக்கினால் இன்னும் நல்லதுதானே? அக்கார்ட் என்ற ஆய்வு இதைத்தான் கேட்டது. இதயநோய் வந்த, அல்லது வரும் அபாயம் அதிகமுள்ள 10,251 நீரிழிவுக்காரர்களில் பாதிப் பேருக்கு எண்ணை 6-க்குக் கீழே கொண்டுவரத் தீவிர சிகிச்சை, மீதிப் பேருக்கு 7-க்கும் 7.9-க்கும் நடுவே. எண் நன்றாகவே இறங்கியது. ஆனால் தீவிர சிகிச்சையில் இருந்தவர்களில் 257 பேர் இறந்தார்கள், மற்றவர்களில் 203 பேர். 2008 பிப்ரவரியில் அந்தச் சிகிச்சையைத் திட்டமிட்டதற்கு முன்பே நிறுத்திவிட்டார்கள். சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பதே வீண் என்பதல்ல இதன் பொருள். கண்ணையும் சிறுநீரகத்தையும் அது காக்கிறது என்பதற்கு 1998-ல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வு உட்பட வலுவான சான்றுகள் உள்ளன. நோயின் அடையாளமாக நன்றாக உழைத்த எண், எய்யும் இலக்காகவும் அதே அளவு உழைக்கும் என்று யாரும் உறுதி தரவில்லை, அதுதான் விஷயம். மாரடைப்புக்குப் பிறகு இதயத்துடிப்பு தாறுமாறாவதை அடக்க என்கைனைடு, ஃப்ளெகைனைடு என்ற மருந்துகளைக் கொடுத்தபோதும் இதுவே நடந்தது. துடிப்பு ஒழுங்கானது, சாவு கூடியது. 1989-ல் அந்த ஆய்வும் நிறுத்தப்பட்டது. நோயாளி உயிரோடு இருப்பதும் நடமாடுவதும் பயோமார்க்கர் அல்ல என்று வரையறை பிரித்து வைத்ததன் அருமை இங்கேதான் புரிகிறது. இப்படி முடிவுக்குப் பதிலாக வைக்கப்படும் குறியைப் பதிலிக்குறி என்று எழுதலாம்.

2016-ல் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகமும் தேசிய சுகாதார நிறுவனங்களும் சேர்ந்து வெளியிட்ட சொல்தொகுதி பயோமார்க்கரை ஏழாகப் பிரிக்கிறது. அதில் இரண்டைத் தமிழில் ஒன்றாகவே முன்கணிப்பு என்று எழுதிவிடுகிறோம், அதுதான் உறுத்துகிறது. ஒன்று நோய் எப்படிப் போகும் என்று சொல்வது. இன்னொன்று இந்த மருந்து இவருக்குப் பலிக்குமா என்று சொல்வது. மார்பகப் புற்றுநோயில் ஹெர்2 என்ற மரபணு இரண்டுமாக இருந்தது. அந்த மரபணு பெருகியிருந்தால் நோயின் போக்கு மோசம் என்று 1987-ல் டென்னிஸ் ஸ்லேமனும் உடன் ஆய்வாளர்களும் காட்டினார்கள். 1998-ல் டிராஸ்டுசுமாப் மருந்து அனுமதி பெற்றதும், அதே ஹெர்2 அந்த மருந்து யாருக்குப் பயன்படும் என்று தேர்ந்தெடுக்கும் வழியும் ஆனது. கெட்ட செய்தியாக வந்தது வாசலாக மாறியது. முதலாவதைப் போக்குக்குறி என்றும் இரண்டாவதைப் பயன்குறி என்றும் பிரித்து எழுதினால் நோயாளிக்கும் குடும்பத்துக்கும் எவ்வளவு தெளிவு! மற்றவற்றில் இடர்க்குறி, நோயறி குறி, கண்காணிப்புக் குறி என்று எளிதாகவே அமைகின்றன.

உயிர்க்குறிக்கு மறுப்பும் வரும். நாடித்துடிப்பு, மூச்சு, வெப்பநிலை, ரத்த அழுத்தம் ஆகியவற்றையும் சிலர் உயிர்க்குறிகள் என்கிறார்களே என்பார்கள். வரையறைப்படி அவையும் பயோமார்க்கர்தான், எனவே மோதல் இல்லை. அடிப்படை உயிர்க்குறிகள் என்றால் தீர்ந்தது. குறி என்பது அந்தரங்க உறுப்பையும் குறிக்குமே என்றும் சிலர் தயங்குவார்கள். அறிகுறி, நிறுத்தற்குறி, வினாக்குறி என்று எழுதும்போது யாருக்கும் அந்தத் தயக்கம் வருவதில்லை.

இந்தப் பிரிவுகள் வெறும் சொல்லாராய்ச்சி அல்ல என்பதற்கு அல்சைமர் என்ற மறதிநோயில் இப்போது நடக்கும் விவாதமே சாட்சி. இந்த நோயின் அடையாளமாக மூளையில் அமிலாய்டு என்ற புரதம் படிவதை முன்பு மூளை ஸ்கேனிலோ முதுகுத்தண்டு நீரிலோதான் பார்க்க முடிந்தது. டாவ் என்ற இன்னொரு மூளைப் புரதத்தின் 217-ஆம் இடத்தில் பாஸ்பேட் ஒட்டிய வடிவத்தை ரத்தத்திலேயே அளந்து, அமிலாய்டோடு விகிதம் பார்க்கும் சோதனைக்கு 2025 மே மாதம் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. 55 வயதோ அதற்கு மேலோ ஆகி, ஏற்கெனவே அறிகுறி உள்ளவர்களுக்கு மட்டும். குறி இருந்தால் நோய் இருக்கிறது, மறதி தொடங்கியிருக்க வேண்டியதில்லை என்று 2024-ல் அல்சைமர் சங்கம் கூட்டிய குழு அளவுகோலை மாற்றி எழுதியது. அதே ஆண்டு வேறொரு பன்னாட்டு ஆய்வுக் குழு மறுத்தது: அறிகுறி எதுவும் இல்லாதவருக்கு இருப்பது அபாயம், நோய் அல்ல. நம் சொற்களில் வைத்துப் பார்த்தால், மறதி தொடங்காதவரின் ரத்தத்தில் தெரிவதை முதல் குழு நோயறி குறி என்கிறது, இரண்டாவது குழு இடர்க்குறி என்கிறது. நலமாக இருப்பவர் வழக்கமான மருத்துவச் சோதனைபோல இதைச் செய்துகொள்ள வேண்டும் என்று இரு தரப்புமே சொல்லவில்லை.