சொல் விளக்கம்: போர்ஃபிரியா

இங்கிலாந்து மன்னர் மூன்றாம் ஜார்ஜின் மனநலக் குலைவைக் காட்டும் 1994ஆம் ஆண்டுத் திரைப்படம் ஒன்று, அவருக்கு இருந்தது போர்ஃபிரியா என்ற நோயாக இருக்கலாம் என்ற எழுத்துக் குறிப்போடு முடிகிறது. 2023இல் அவருடைய அரசியைப் பற்றிய 'குயின் ஷார்லட்' தொடர் வந்தபோதும் அதே பெயர்தான் அடிபட்டது. சொல்லுக்கும் மன்னருக்கும் போட்ட முடிச்சு அவ்வளவு இறுகியிருக்கிறது.

வேர் கிரேக்க மொழியில் இருக்கிறது. 'போர்ஃபுரா' என்றால் ஊதாச் சாயம். அதைத் தரும் கடல் நத்தைக்கும் அதுவே பெயர். இன்றைய லெபனானில் உள்ள டயர் நகரத்துச் சாயக்காரர்கள் நத்தைகளை ஆயிரக்கணக்கில் உடைத்தால்தான் கொஞ்சம் சாயம் தேறும். விலை அப்படியிருக்க, அதை அரசர்களைத் தவிர வேறு யார் உடுத்துவது? பைசாந்தியத்தில் பட்டத்திலிருக்கும் பேரரசருக்குப் பிறந்த பிள்ளையை 'ஊதாவில் பிறந்தவர்' என்றே அழைத்தார்கள். 1871இல் ஜெர்மன் வேதியியலாளர் ஹோப்பே-ஸைலர், ரத்தத்தின் நிறப்பொருளிலிருந்து இரும்பை நீக்கியபோது கிடைத்த ஊதாச் சிவப்புப் பொருளுக்கு இந்தக் கிரேக்க வேரிலிருந்தே பெயரிட்டார். நோயின் பெயரும் அங்கிருந்து வந்தது. அரண்மனைக்கும் அதற்கும் தொடர்பில்லை.

உடல், ரத்தத்துக்குச் சிவப்பு நிறம் தரும் 'ஹீம்' என்ற பொருளை எட்டு நொதிகளைக் கொண்டு படிப்படியாகத் தயாரிக்கிறது. அவற்றில் ஒன்று தடுமாறினால் இடைநிலைப் பொருள்கள் தேங்குகின்றன. சில வகைகளில் கடும் வயிற்றுவலி, கைகால் தளர்ச்சி, மனக்குழப்பம் உண்டாகும்; சிறுநீரை வெளிச்சத்தில் வைத்தால் நாவற்பழச் சாறுபோல் கறுத்துச் சிவக்கும். வேறு சில வகைகளில் வெயில் பட்ட தோல் கொப்பளிக்கும், அவ்வளவுதான்.

நீரிழிவு என்ற சொல்லின் வழியில் 'ஊதாநீர் நோய்' என்று ஆக்கலாமே என்று தோன்றும். தோலை மட்டும் தாக்கும் சில வகைகளில் சிறுநீரின் நிறம் மாறாது என்பதால் அது பொருந்தாது. தேங்குவது நிறமி என்பதால் 'ஊதாநிறமி நோய்' என்பதே என் தேர்வு. ஒலிபெயர்ப்பதானால் ஆய்த எழுத்தை விடாமல் போர்ஃபிரியா என்று எழுதுவது நல்லது. போர்பிரியா என்று எழுதினால், ஏதோ போர்க்களத்துச் சேதி என்று படிப்பவர் நினைக்கக்கூடும்.

இனி மன்னர். தொடரில் மணமான புதிதிலேயே நோய் முற்றியதாகக் காட்டுகிறார்கள். திருமணம் 1761இல் நடந்தது. ஐயத்துக்கு இடமில்லாத முதல் மனக்குலைவு வந்ததோ 1788இல், அவருக்கு 50 வயதானபோது. அந்தக் குளிர்காலத்தில் வாயில் நுரை தள்ள மணிக்கணக்கில் பேசினார். லிங்கன்ஷயரிலிருந்து வந்த வில்லிஸ் என்ற மருத்துவர் அவரைக் கட்டுச்சட்டையில் பூட்டினார். 1789 பிப்ரவரியில் கியூ தோட்டத்தில் அரசியின் பணிப்பெண் ஃபானி பர்னியைத் துரத்திப் பிடித்து, கன்னத்தில் முத்தமிட்டு, நெடுநேரம் நலம் விசாரித்தார். அந்த மாதமே தேறிவிட்டார். 1801இலும் 1804இலும் நோய் திரும்பியது. 1810க்குப் பின் தேறவே இல்லை. மூத்த மகன் 1811 முதல் தந்தைக்குப் பதிலாளாக ஆண்டார்.

போர்ஃபிரியாக் கருத்து மருத்துவர்களான தாயும் மகனுமாகிய மக்கால்பைன், ஹண்டர் இருவருடையது, 1966இல் வெளியிட்டார்கள். சிறுநீர் நிறம் மாறியதாக அரண்மனைக் குறிப்புகளில் இருந்ததை முக்கியச் சான்றாகக் கொண்டார்கள். ஆனால் அங்கே பேசப்படும் நிறம் நீலம். அவருக்குக் கொடுத்த ஜென்ஷியன் என்ற கசப்பு மூலிகையே அதற்குக் காரணமாகலாம் என்று பின்வந்த ஆய்வாளர்கள் காட்டினார்கள். மன்னரின் கடிதங்களை ஆராய்ந்தவர்கள், நோய்க்காலத்தில் 400 சொற்கள் வரை நீளும் வாக்கியங்களைக் கண்டார்கள். மனம் தறிகெட்டு ஓடும் 'மேனியா' நிலையின் அடையாளம் அது. இன்று பலரும் இருமுனையப் பிறழ்வு, அதாவது மிகை எழுச்சியும் சோர்வும் மாறி மாறி வரும் 'பைபோலார்' மனநோய், என்ற பக்கமே சாய்கிறார்கள். எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது. அரச வம்சத்துக்கு மனநோய் என்பதைவிட ரத்தத்தில் கோளாறு என்பது கௌரவமாகத் தோன்றியதும் போர்ஃபிரியாவின் புகழுக்கு ஒரு காரணம் என்பேன்.

தமிழில் வசனவரி எழுதுபவர்களுக்கு ஒரு வார்த்தை. 1788 கோடையில் பித்தக்கோளாறு என்று சொல்லித்தான் மன்னரைச் செல்ட்டன்ஹாம் ஊற்றுநீர் குடிக்க அனுப்பினார்கள். பித்து, பைத்தியம் இரண்டும் பித்தத்திலிருந்து வந்தவையே. ஆகவே அக்காலப் பாத்திரங்களின் வாயில் 'பித்து' கச்சிதமாகப் பொருந்தும். இன்றைய விளக்கக் குறிப்புக்கு இருமுனையப் பிறழ்வு போதும். ஊதாநிறமி நோயை உண்மையில் அது உள்ளவர்களுக்கு விட்டுவிடலாம்.