ஃபங்க் கேட்டால் கால் ஏன் சும்மா இருப்பதில்லை?

"மிகச்சிறந்த ஃபங்க் பாடல் எது, அந்த இசையைத் தொடங்கியது யார்?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். ஃபங்க் என்பது மெட்டைவிடத் தாளத்தை முன்னே நிறுத்தும் அமெரிக்கக் கறுப்பின ஆட்ட இசை. சண்டை வராமல் இரண்டுக்குமே பதில் சொல்ல முடியாது. அறிவியல் எழுதுகிறவனிடம் இதை ஏன் கேட்கிறார் என்றுதான் முதலில் தோன்றியது. ஆனால் மூளை தாளத்தைப் பிடிக்கும் விதத்தைப் பேச இதைவிட நல்ல சாக்கு கிடைக்காது.

தொடக்கக் கதையைச் சீக்கிரம் முடித்துவிடலாம். பெரும்பாலோர் அமெரிக்கப் பாடகர் ஜேம்ஸ் பிரவுன் 1965இல் வெளியிட்ட 'பாப்பாஸ் காட் எ பிராண்ட் நியூ பேக்' பாடலைக் காட்டுவார்கள். பிரவுனோ, 1950களின் நடுவில் ராக் அண்ட் ரோல் பாடகர் லிட்டில் ரிச்சர்டுக்கு வாசித்த குழுவுக்குத்தான் அந்தப் பெருமையைக் கொடுத்தார். அந்தக் குழுவின் டிரம்மர் சார்லஸ் கானர் நியூ ஆர்லியன்ஸ்காரர். தெரு ஊர்வலங்களில் டிரம்மும் ட்ரம்பெட்டும் முழங்கும் ஊர் அது. ஆக, ஊரைக் கேட்டால் நியூ ஆர்லியன்ஸ், ஆளைக் கேட்டால் பிரவுன். இதற்கு மேல் கறாராகச் சொல்கிறவரை நம்ப வேண்டாம்.

இனி எனக்குப் பிடித்த இடத்துக்கு வருகிறேன். 1967 மே மாதம் சின்சினாட்டியில் பிரவுன் குழு 'கோல்ட் ஸ்வெட்' பாடலைப் பதிவு செய்தது. டிரம்ஸில் கிளைட் ஸ்டபில்ஃபீல்ட். டென்னசியின் சட்டனூகாவில், தொழிற்சாலை இயந்திரங்களும் ரயிலும் போடும் சத்தத்தைக் கேட்டே தாளம் கற்றதாகச் சொன்னவர்.

ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணுங்கள். சாதாரண ராக் பாடலில் இரண்டிலும் நான்கிலும் ஸ்னேர் டிரம் (கூர்மையாக ஒலிக்கும் சின்ன டிரம்) பளிச்சென்று விழும். ஸ்டபில்ஃபீல்ட் இரண்டில் அடிக்கிறார். நான்கில் அடிக்கவில்லை. அரை எண்ணிக்கை தள்ளி அடிக்கிறார். நடுநடுவே, குச்சி தோலைத் தொட்டும் தொடாமலும் விழும் மெல்லிய அடிகள். ஒவ்வொரு எண்ணிக்கையையும் நான்காக வகுத்தால் வரும் 16 இடங்களில் எங்கே ஒலி, எங்கே மௌனம் என்பதில்தான் வித்தையே இருக்கிறது. சமத்தில், அதாவது தாளத்தின் முதல் தட்டில், தொடங்காமல் அரை இடம் தள்ளி எடுக்கும் கீர்த்தனையைக் கேட்டுப் பழகியவர்களுக்கு இந்தச் சுகம் தெரியும்: பாட்டு இன்னும் வரவில்லை, கை மட்டும் தாளத்தைப் போட்டுவிட்டது.

அந்த 'வராத அடி' மூளைக்கு எப்படித் தெரிகிறது? எம்ஆர்ஐ கருவிக்குள் அசையாமல் படுத்தபடி ஒழுங்கான தாளம் கேட்டவர்களுக்கும், உடல் அசைவைத் திட்டமிடும் மூளைப் பகுதிகள் சுறுசுறுப்பாகின்றன. காது கேட்கும்போதே மூளை அடுத்த அடியைக் கணித்து வைக்கிறது. அடி அங்கே விழவில்லை என்றால் கணிப்புக்கும் நடப்புக்கும் இடையில் ஓர் ஓட்டை. அந்த ஓட்டையை உடல் நிரப்பப் பார்க்கிறது, தலை ஆடுகிறது, கால் தட்டுகிறது. ஆய்வாளர்கள் பலர் இன்று ஏற்கும் விளக்கம் இது.

இதில் என்னை மயக்கிய சோதனை 2009இல் வந்தது. இஸ்த்வான் விங்க்லர் குழுவினர், பிறந்து இரண்டு மூன்று நாளே ஆன குழந்தைகளுக்கு, அவை தூங்கும்போது, டிரம்ஸ் தாளம் கேட்கச் செய்தார்கள். இடையிடையே தாளச் சுற்றின் முதல் அடியை மட்டும் எடுத்துவிட்டார்கள். மூளை மின்னலைகளில் உடனே மாற்றம். முக்கியமில்லாத அடிகளை எடுத்தபோது அப்படி இல்லை. "தூங்குகிற குழந்தைக்கு டிரம்ஸ் வாசிக்கவா ஆராய்ச்சிப் பணம்?" என்று கேட்பவர்கள் எங்கும் உண்டு. அந்தப் பணம்தான், 'தாளம் சில இனத்தாரின் ரத்தத்திலேயே ஊறியது' என்ற மூடநம்பிக்கைக்குப் பதில் தந்திருக்கிறது. சோதனை நடந்தது ஹங்கேரியில்; தாள உணர்வு எந்த ஓர் இனத்தின் தனிச்சொத்தும் இல்லை.

சரி, அடிகளைத் தள்ளித் தள்ளிப் போட்டுக்கொண்டே போனால் ஆட்டம் கூடிக்கொண்டே போகுமா? போகாது. மரியா விட்டெக்கும் உடன் ஆய்வாளர்களும் 2014இல் ஃபங்க் டிரம்ஸ் துண்டுகளைக் கேட்க வைத்து மதிப்பெண் வாங்கினார்கள். தள்ளல் நடுத்தரமாக இருந்தபோதுதான் ஆடும் ஆசையும் மகிழ்ச்சியும் உச்சத்தில் இருந்தன. தள்ளலே இல்லையென்றால் சலிப்பு. மிதமிஞ்சினால் எண்ணிக்கையே பிடிபடாது, கணிக்க எதுவும் மிஞ்சாது. பிரவுன் 'முதல் அடி, முதல் அடி' என்று குழுவை நச்சரித்ததன் அருமை இங்கே புரியும். ஒன்றாம் எண்ணிக்கையில் எல்லாரும் சேர்ந்து ஆணியடித்துவிட்டால் மீதி இடங்களில் எவ்வளவு குறும்பும் செய்யலாம்.

அப்புறம், சிறந்த பாடல்? 1969இல் வந்த மீட்டர்ஸ் குழுவின் 'சிஸி ஸ்ட்ரட்' என்று நியூ ஆர்லியன்ஸ் ரசிகர்கள் சொல்வார்கள், நியாயமான வாதம். லேரி கிரஹாமின் ரசிகர்களுக்கும் ஒரு வாதம் உண்டு. தாயின் குழுவில் டிரம்மர் இல்லாததால் பேஸ் கிதார் தந்தியைக் கட்டைவிரலால் அடித்தே டிரம்மின் வேலையையும் பார்த்தவர் அவர். என் ஓட்டு 'கோல்ட் ஸ்வெட்'டுக்கு. பெரும்பகுதி ஒரே கார்டில் (சேர்ந்து ஒலிக்கும் ஒரே சுரக்கூட்டில்) நிற்கும் பாட்டு. மெட்டு உங்களை நகர்த்தவில்லை, தாளம்தான் நகர்த்துகிறது. ஸ்டபில்ஃபீல்டின் இன்னொரு வாசிப்பான 'ஃபங்கி டிரம்மர்' துண்டை எத்தனையோ ஹிப்-ஹாப் பாடல்கள் வெட்டி ஒட்டிக்கொண்டன. பாடலாசிரியர் பட்டியலில் டிரம்மர் பெயர் இல்லாததால் அதற்கான உரிமத்தொகை அவருக்குப் போகவில்லை. 2017இல் இறந்தார்.