மழைக்கு முன்பே துளிர்க்கும் மரங்கள்

மார்ச் மாதத்தில் பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கல்லுக்குப் பேருந்தில் போயிருக்கிறீர்களா? மலைச்சாலையின் இரண்டு பக்கமும் காடு காய்ந்து கிடக்கும். வெக்காலியில் இலை இருக்காது, உசிலையில் இலை இருக்காது. குச்சியும் பாறையும்தான் தெரியும். "காடே செத்துப் போச்சு" என்று பின் சீட்டில் யாராவது சொல்வார்கள்.

ஊர் திரும்பி ஏரிக்கரையில் நடந்தால் வேறு காட்சி. ஏரி வற்றி மண் பாளம் பாளமாக வெடித்திருக்கிறது. கரைமேல் நிற்கும் புங்கமரமோ எண்ணெய் தடவியதுபோல் பளபளக்கும் புது இலைகளோடு நிற்கிறது. நல்ல மழை பெய்து மூன்று மாதமாகிறது. மாஞ்சாரல் வர இன்னும் ஒரு மாதமாவது ஆகும். இத்தனை இலைக்கும் தண்ணீர் எங்கிருந்து வந்தது?

இந்த ஒரு கேள்விக்காகவே நான்கு வருடமாக ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். ஞாயிறு காலையில் அதே ஏரிக்கரை, அதே ஏழு மரங்கள். இலை எவ்வளவு, துளிர் உண்டா, பூ உண்டா என்று ஒரு வரி எழுதுவேன். அவ்வளவுதான் வேலை.

பதில் இலை உதிர்வதிலிருந்து தொடங்குகிறது. இலையின் அடிப்பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் இருக்கின்றன. கரியமில வாயு உள்ளே வர அவை திறந்தாக வேண்டும். திறந்தால் தண்ணீர் ஆவியாக வெளியே போகும். வேர் உறிஞ்சும் தண்ணீரில் 95 சதவீதத்துக்கு மேல் இப்படித்தான் காற்றில் கலக்கிறது. போகிற தண்ணீர் பின்னால் இருப்பதை இழுக்கும், அது அதற்கும் பின்னால் இருப்பதை இழுக்கும். வேரிலிருந்து உச்சிக்கிளைவரை மெல்லிய குழாய்களில் தண்ணீர் ஒரே கயிறுபோல் இழுபட்டு நிற்கிறது.

தை, மாசியில் மேல்மண் காய்ந்ததும் கயிறு விறைக்கிறது. இழுவிசை அளவு மீறினால் குழாய்க்குள் காற்று புகுந்து குமிழியாகிவிடும். குமிழி புகுந்த குழாயில் தண்ணீர் ஏறாது. போர்வெல் குழாயில் காற்று அடைத்தால் மோட்டார் ஓடியும் தண்ணீர் வராதே, கிட்டத்தட்ட அதே நிலைமைதான். மரத்துக்கு இலை மலிவான பொருள், ஒரு வருடத்தில் மறுபடி செய்துகொள்ளலாம். பல வருடம் சேர்த்துக் கட்டிய கட்டையும் அதன் குழாய்களும் அப்படியல்ல. அதனால் மரம் இலையை விட்டுக்கொடுக்கிறது.

அதுவும் சும்மா விட்டுவிடாது. முதலில் பச்சையத்தை உடைத்து, இலையில் இருக்கும் நைட்ரஜனில் ஏறக்குறைய பாதியைக் கிளைக்குத் திரும்ப எடுத்துக்கொள்கிறது. பச்சை போனதும் ஏற்கெனவே உள்ளே இருந்த மஞ்சள் நிறமி வெளியே தெரிகிறது. பழுத்த இலை மஞ்சளாவது இப்படித்தான். அப்புறம் இலையிலிருந்து வரும் ஆக்சின் என்ற ஹார்மோன் குறைந்து, எத்திலீனின் கை ஓங்குகிறது. காயைப் பழுக்க வைக்கிறதே, அதே எத்திலீன் வாயுதான். காம்பின் அடியில் ஒரு மெல்லிய அடுக்கில் செல்களை ஒட்டவைத்திருக்கும் பசை கரைகிறது. லேசான காற்று போதும், இலை விழுந்துவிடும். விழுந்த இடத்தைத் தக்கை போன்ற ஒரு படலம் மூடுகிறது. கொல்லையில் பப்பாளி இருந்தால் தண்டைப் பாருங்கள். ஒவ்வொரு இலைத் தழும்பிலும் சின்னச் சின்னப் புள்ளிகள் இருக்கும். அவை தண்ணீர்க் குழாய்கள் அறுந்த இடங்கள்.

நான் மிகவும் வியப்பது இதற்குப் பிறகு நடப்பதைத்தான். இலை போனதும் தண்ணீர் வெளியேறும் வழி அடைபடுகிறது. ஆனால் ஆழத்து வேர்கள் வேலையை நிறுத்துவதில்லை. நம் தர்மபுரிப் பக்கம் மேல்மண் பெரும்பாலும் ஆழமில்லை, கீழே பாறைதான். அந்தப் பாறை வெடிப்புகளிலும் உக்கிய பாறையிலும் ஐப்பசி மழையின் ஈரம் கொஞ்சம் தங்கியிருக்கும். வேர் அதை உறிஞ்சுகிறது, செலவழிக்க இலை இல்லை, எனவே கட்டையில் தண்ணீர் சேர்கிறது. மத்திய அமெரிக்காவின் கோஸ்டா ரிகாவில், இதே போன்ற வறண்ட காடுகளில், ஆய்வாளர்கள் அடிமரத்தின் சுற்றளவைத் தொடர்ந்து அளந்திருக்கிறார்கள். வறட்சியில் சுருங்கிய மரம், ஒரு துளி மழையும் இல்லாமல், இலை உதிர்ந்த பிறகு மெல்ல ஊதியது தெரிந்தது. நாம் செத்துப்போனதாக நினைத்த நாட்களில் மரம் தண்ணீர் நிரப்பிக்கொண்டிருக்கிறது. இலவமரம் போன்ற மென்கட்டை மரங்கள் இன்னும் அதிகமாகச் சேமிக்கும். மானாவாரி ராகியால் இது முடியாது. அதன் வேர் மேல்மண்ணோடு சரி, மழை வந்தால்தான் வாழ்வு.

சரி, எப்போது துளிர்க்க வேண்டும் என்று மரத்துக்கு யார் சொல்வது? பல மரங்களுக்குப் பகல் நேரம்தான் கடிகாரம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். தர்மபுரி 12 டிகிரி வட அட்சரேகையை ஒட்டி இருக்கிறது. இங்கே ஆண்டின் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் ஒன்றரை மணி நேரம்தான் வித்தியாசம். லண்டனில் அது ஏறக்குறைய 9 மணி நேரம். மார்ச் 21 வாக்கில் பகல் வேகமாக நீள்கிறது. வேகம் என்றாலும் நாளுக்கு ஒரு நிமிடம்கூட இல்லை. ஒளியை உணரும் ஃபைட்டோகுரோம் என்ற நிறமி செடிகொடிகளுக்கு இருக்கிறது. இவ்வளவு சின்ன மாற்றத்தைக்கூட மரம் உணர்வதற்கு அது உதவுவதாகத் தெரிகிறது.

மழைக்கு முந்துவதில் லாபமும் இருக்கிறது. இலை தின்னும் புழுக்கள் மழையோடுதான் பெருகும். அதற்குள் இலை முற்றித் தடித்துவிட்டால் கடிக்க வருகிற வாய் குறையும். மேகமில்லாத வெயிலும் கிடைக்கிறது. அந்த வெயில் இளந்தளிருக்கு ஆபத்து என்பதால்தான் அரசந்தளிரும் மாந்தளிரும் செம்பு நிறத்தில் வருகின்றன. அந்தோசயனின் என்ற சிவப்பு நிறமி குடைபோல் கொஞ்ச வெளிச்சத்தைத் தடுக்கிறது. கிருஷ்ணகிரி பக்கம் மாந்தோப்புகளில் பாருங்கள், பச்சைக்கு நடுவில் ஒரு கிளை மட்டும் சிவந்து தொங்கும்.

ஏரிக்கரை, ஊர்ச்சாலை, பள்ளிக்கூட வாசல் என்று பார்க்க இடம் நிறைய உண்டு. காப்புக்காட்டுக்குள் மட்டும் நடக்க வேண்டாம், அது யானைகளின் வழி.

புரட்டாசி, ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டால் நடை குறையும். அப்போது வீட்டில் ஒரு வேலை வைத்திருக்கிறேன். முற்றிய அரச இலை பத்தைப் பழைய வாளித் தண்ணீரில் போட்டுக் கொல்லையில் வைத்துவிடுவேன். நாற்றம் வரும், வீட்டுக்குள் வைக்க முடியாது. மூன்று, நான்கு வாரத்தில் பாக்டீரியாக்கள் மென்மையான சதையைத் தின்றுவிடும். லிக்னின் என்ற கடினமான பொருள் ஏறிய நரம்புகளை அவற்றால் லேசில் தின்ன முடியாது. தட்டில் தண்ணீர் ஊற்றி இலையை வைத்து, மெல்லிய பிரஷ்ஷால் மிச்சச் சதையைத் தள்ளினால் வலை மட்டும் நிற்கும். வெளியே மழை, பக்கத்தில் சூடாக டீ, ஒரு இலைக்கு அரை மணி நேரம் ஆனாலும் தெரியாது.

காய்ந்த வலையை விளக்குக்கு நேராகப் பிடித்தால், தண்ணீர்க் கயிறு ஓடிய அந்தக் குழாய்கள் எல்லாம் தெரிகின்றன. தலைமயிரைவிட மெல்லிய கிளைகள் ஒன்றாகி, தடித்து, நடுநரம்பாகிக் காம்பில் இறங்குகின்றன. காம்பின் அடியில், மரத்தைவிட்டுப் பிரிந்த இடத்தில், பப்பாளித் தண்டில் பார்த்த அதே புள்ளிகள்.